ரெண்டு சீட்டுக் காடியில் ஒரு பிள்ளை

கெடாவில் ரெண்டு சீட்டு வண்டி என்று சொன்னால் ஸ்போர்ட்ஸ் கார் யாருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வராது. புரோட்டோன் அரினாதான் வரும். வீரா காரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியைத் திறந்த தட்டாக்கி 2002-இல் விட்ட சின்ன பிக்கப். காய்கறிக்காரர், ஆட்டுக்குத் தழை வெட்டுகிறவர், பந்தல் போடுகிறவர், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர் என்று எல்லார் கையிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்து தோட்டங்களில் ஓடும் ஒற்றைக் கேபின் ஹைலக்ஸ், சந்தைக்குப் போகும் பேனல் வேன். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்-எஸ், ஹோண்டா எஸ்2000 எல்லாம் வரிசையில் கடைசி. ஆனால் கைப்பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று வந்து நிற்கும்போது பந்தல்காரருக்கும் கூலிம் ஹைடெக் பார்க் இன்ஜினியருக்கும் பிரச்சினை ஒன்றுதான். பின்சீட்டு இல்லை.

நான் சுங்கை பட்டாணியில் குஷன் கடை வைத்திருக்கிறேன். சீட்டுக்குத் தோல் தைப்பது, தொங்கிப்போன கூரைத் துணியை மாற்றி ஒட்டுவது, கார்ப்பெட், நைந்த பெல்ட்டை மாற்றுவது, இவைதான் வேலை. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியை முடித்ததும் ஒரு சீனத் தவுக்கேயிடம் கையாளாகச் சேர்ந்தேன். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது தையல் இல்லை, சீட்டைக் கழற்றுவது. நாலு போல்ட்டுதான். ஆனால் அடியில் என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்க்காமல் கை வைக்காதே என்பார். அந்தக் காலத்தில் அடியில் கிடந்தது கச்சான் தோலும் சில்லறைக் காசும்தான். இன்று அங்கே மஞ்சள் உறை போட்ட வயர் ஓடுகிறது. ஏர்பேக்கின் வயரும் அதன் இணைப்பும் மஞ்சளாகத்தான் இருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா கையேடு 90 விநாடி என்கிறது. நான் ஒரு கோப்பித் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

எங்கள் காலத்தில் பிள்ளையை வண்டியில் ஏற்ற யாரும் யோசித்ததில்லை. ஆயாக் கொட்டகை வரைக்கும் இடுப்பு. டவுனுக்குப் போனால் அப்பாவின் ஹோண்டா மோட்டாரில், முன்னால் மாட்டிய பிரம்பு நாற்காலி. தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரி. தட்டில் நின்றுகொண்டே பாட்டுப் பாடிக்கொண்டு சுப்பிரமணியர் கோயில் வரை போவோம். “நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம், செத்தா போனோம்?” என்று கடையில் வந்து கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளை லோரியிலிருந்து விழுந்தது, எது மோட்டாரிலிருந்து போனது என்று நிதானமாகக் கேட்டால் அவர்களே ரெண்டு பேர் சொல்வார்கள்.

மலேசியாவில் முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1979-இல். பின்சீட்டுக்கு 2009 ஜனவரி 1. பிள்ளை இருக்கைக்கு 2020 ஜனவரி 1. முன்சீட்டிலிருந்து பிள்ளை வரைக்கும் சட்டம் வந்து சேர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த அந்தோணி லோக் முதல் ஆறு மாதம் சம்மன் இல்லை, அறிவுரைதான் என்று சொன்னார். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லார் காரும் வீட்டு வாசலிலேயே நின்றது. ஆனாலும் அந்த வருஷத் தொடக்கத்தில் பிள்ளை இருக்கையைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் என் கடைக்கு வந்தார்கள். வாங்கிவிட்டார்கள், மாட்டத் தெரியவில்லை. குஷன் கடைக்காரனுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். தெரியாமல் மாட்டி அனுப்பக்கூடாதே என்று கையேடுகளை உட்கார்ந்து படித்துத்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன்.

அதில் ரெண்டு சீட்டுக் காரோடு வருகிறவர்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். மாட்டுவதற்கு இல்லை, பேசுவதற்கு.

ஒரு தம்பி வந்தார். கூலிமில் சிப் தொழிற்சாலையில் வேலை. ஜப்பானிலிருந்து வந்த பழைய ரோட்ஸ்டர், கூரை மடங்குகிற வகை. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு குனோங் ஜெராய் ஏறி இறங்குவாராம். இப்போது வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. கூடவே மனைவியும் அம்மாவும் வேறொரு காரில் வந்திருந்தார்கள்.

“அண்ணே, இந்தச் சீட்டை நம்ம காடியில போட்டுக் குடுங்க. பக்கத்துலயே இருப்பான், பார்த்துக்கிட்டே ஓட்டலாம்.”

அம்மா என்னிடம் வந்து ரகசியம் போலச் சொன்னார். “ஏன் தம்பி, பச்சப் புள்ளைய தனியா கட்டிப்போட்டு ஓட்டிட்டுப் போறதா? அவ மடியில வச்சிக்கிட்டா என்ன? ரெண்டு பேருக்கும் சேத்தே பெல்ட்டு போட்டுக்கலாம்ல?”

பந்தல்காரர் வீட்டிலும் இதே கேள்விதான் வரும். பிள்ளையை யார் பிடித்துக்கொள்வது? ரெண்டு சீட்டில் ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பிள்ளைக்கு என்றால் தாய்க்கு இடமில்லை. தாயில்லாமல் கைப்பிள்ளை எங்கும் போவது நம் வீடுகளில் வழக்கமில்லை. அதனால் மூன்றாவது ஆளாகப் பிள்ளை மடிக்கு வந்துவிடுகிறது.

அந்த அம்மாவிடம் கணக்கைத்தான் சொன்னேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருக்கிறவரின் எடை அந்தக் கணத்துக்கு இருபது மடங்காவது கனக்கும். 10 கிலோ பிள்ளை 200 கிலோ ஆகிவிடும். தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு 50 கிலோ மூட்டை தெரியும். அப்படி நாலு மூட்டையை ஒரே நேரத்தில் மடியில் எறிந்தால் எந்தத் தாயின் கையும் பிடித்து நிற்காது. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பெல்ட் போட்டால் இன்னும் மோசம். தாயின் எடை முழுக்கப் பிள்ளையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். அந்த அம்மா பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். மூட்டைக் கணக்கு உடனே புரிந்தது. அதற்குப்பிறகு மடியைப் பற்றிப் பேசவில்லை.

தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிரமம். ஏழு மாதப் பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கைப்பிள்ளைக்குத் தலை பெரிது, உடம்பின் நீளத்தில் கால்பங்கு தலைதான். கழுத்து இன்னும் கெட்டிப்படவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதும்போது தலை மட்டும் முன்னால் போய்க் கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு, தலை எல்லாவற்றையும் இருக்கையின் முதுகே தாங்கிக்கொள்ளும். ஐநாவின் புதிய விதியான ஆர்129, குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்கிறது. முடிந்தவரை அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது.

ஆனால் முன்சீட்டில் அப்படி வைத்தால் பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருப்பது டேஷ்போர்டு. அதற்குள் ஏர்பேக். மோதியதும் கண் இமைக்கிற நேரத்துக்குள், ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள், அது வெடித்து விரியும். பெரியவரின் நெஞ்சைத் தாங்குவதற்காக வைத்த பை அது. பின்பக்கம் பார்த்த இருக்கையின் முதுகு அதற்கு ஒட்டினாற்போல இருக்கும். பை அந்த முதுகை அடித்தால் உள்ளே இருக்கிற தலைக்கு என்ன ஆகும் என்று விவரிக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் 90-களில் மெதுவான மோதல்களில்கூட ஏர்பேக் அடித்துப் பிள்ளைகள் இறந்தார்கள். 1995-இல், பின்சீட்டே இல்லாத வண்டிகளுக்கும் பின்சீட்டு மிகச் சிறிதாக இருக்கிற வண்டிகளுக்கும் பயணி பக்க ஏர்பேக்கை நிறுத்த ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று அங்கே அனுமதி கொடுத்தார்கள். ரெண்டு சீட்டுக்காரர்களின் பிரச்சினைக்கு உலகத்தில் கிடைத்த நேரான பதில் அந்தச் சாவித்துளைதான். பல கார்களில் டேஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால்தான் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும். சாவியைப் போட்டுத் திருப்பினால் நடுவில் ஒரு விளக்கு எரியும்.

எல்லாக் காரிலும் அது இருக்காது. தம்பியின் ரோட்ஸ்டரில் இல்லை. டேஷ்போர்டைத் துழாவினேன், கையேட்டைப் புரட்டினேன், இல்லை. சன் வைசரில் மட்டும் அந்தப் படம் இருந்தது: பின்பக்கம் பார்த்த பிள்ளை, அதன் மேல் சிவப்புக் கோடு. (குஷன் கடைக்காரர்களுக்கு இங்கே ஒரு சொல்: வைசருக்குத் துணி மாற்றும்போது இந்த ஸ்டிக்கரை மூடித் தைக்காதீர்கள். அழகுக்காக மூடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை.)

“அப்ப ஃபியூஸ எடுத்துருங்க அண்ணே. இல்லாட்டி கனெக்டரைக் கழட்டிட்டு ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா விளக்கு எரியாதுன்னு சொல்றாங்க.”

இதைக் கேட்காத ரெண்டு சீட்டுக்காரர் இல்லை. பணம் கொடுத்தால் செய்து தருகிற பட்டறைகளும் உண்டு. நான் மாட்டேன் என்றேன். காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஃபியூஸை எடுத்தால் அந்த ஒரு பை மட்டும் நிற்பதில்லை, ஓட்டுகிறவரின் பையும் நிற்கும். மோதும்போது பெல்ட்டை வெடுக்கென்று பின்னிழுக்கிற சாதனமும் பல கார்களில் அதே சுற்றில்தான் இருக்கிறது. ரெசிஸ்டரைப் போட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். நாளைக்கு அந்தக் காரை வாங்குகிறவனும், அந்தச் சீட்டில் உட்காருகிற அவன் மனைவியும் அப்படியே நினைப்பார்கள். உள்ளே பை செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது.

கடைசியில் சொன்னது இதுதான்: இந்தக் காரில் இந்தப் பிள்ளைக்கு இன்னும் இடமில்லை. முன்னால் பார்த்து உட்காரும் வயசும் எடையும் வந்தபிறகு கையேடு அனுமதித்தால் பார்க்கலாம். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. மனைவி சிரித்தார். அடுத்த மாதம் பழைய மைவி கார் ஒன்று வாங்கியதாகக் கேள்வி. ரோட்ஸ்டரை விற்கவில்லை, ஜெராய்க்கு இன்னும் போகிறார்.

சில விலை உயர்ந்த கார்களில் சுவிட்ச் தானாகவே வேலை செய்யும். 1996-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே அதில் ஒன்று. சீட்டுக்குள் ஓர் உணர்கருவி, பிள்ளை இருக்கைக்குள் அதற்குப் பதில் சொல்கிற ஒரு சில்லு. ரெண்டும் பேசிக்கொண்டால் ஏர்பேக் நின்று விளக்கு எரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சில்லு உள்ள, கார் நிறுவனம் சொன்ன இருக்கையைத்தான் கார் அடையாளம் கண்டுகொள்ளும். கடையில் வாங்கிய வேறு எந்த இருக்கையை வைத்தாலும், அது எவ்வளவு விலையானாலும், காருக்கு அங்கே பிள்ளை இருப்பது தெரியாது. பை உயிரோடுதான் இருக்கும். பினாங்கிலிருந்து வருகிற பழைய எஸ்எல்கேக்களில் இதை அறியாத உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரியவில்லை என்றால் நம்பாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

இன்னும் சில கார்களில் சீட்டின் பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாய் இருக்கும். உட்காருகிறவர் பெரியவரா, சிறியவரா என்று எடையை வைத்துக் கண்டுபிடித்து ஏர்பேக்குக்குச் சொல்லும். இது எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. தோல் மாற்றும்போது பஞ்சைக் கூட்டினாலும் குறைத்தாலும், பாயை மடித்து வைத்தாலும் அதன் கணக்குத் தவறிவிடும். மலிவாகத் தைத்துக்கொண்ட சீட்டில் இது அடிக்கடி நடக்கிறது. சீட்டின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அந்தத் தையலுக்குப் பலவீனமான நூல்தான் போட வேண்டும், பை கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதற்காக. உறுதியாகத் தைத்துவிட்டேன் என்று பெருமைப்படுகிற இடம் அது இல்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் ஏர்பேக்கின் வயசையும் பார்க்க வேண்டும். 2014-இல் சரவாக்கின் சீபுவில் சாதாரண மோதலில் தக்காத்தா ஏர்பேக் வெடித்து, உலோகத் துண்டு பாய்ந்து ஒரு கர்ப்பிணி இறந்தார். அந்த நிறுவனத்தின் பைகள் பல கம்பெனிக் கார்களில் இருந்தன. வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் மாதிரி இடங்களில்தான் பையை விரிக்கிற வெடிமருந்து சீக்கிரம் கெடுகிறது. சேசிஸ் எண்ணை வைத்து, திரும்பப்பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனை நிலையத்தில் கேட்கக் காசு ஆகாது.

இளைஞர்கள் செய்கிற இன்னொரு வேலை: அசல் சீட்டைக் கழற்றிவிட்டு பிரைட், ரெக்காரோ மாதிரியான பக்கெட் சீட்டைப் போட்டு நாலு முனைப் பெல்ட் கட்டிக்கொள்வது. பார்க்க அழகு. பிள்ளை இருக்கை அதில் உட்காரவே உட்காராது. பக்கங்கள் உயர்ந்து குழியாக இருப்பதால் இருக்கையின் அடி பதியாமல் அந்தரத்தில் ஆடும். மாட்டுவதற்கு மூன்று முனைப் பெல்ட் வேண்டும், அதைத்தான் கழற்றி வீட்டில் போட்டிருப்பார்கள். இந்தக் கார்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மாட்டக்கூடிய காராக இருந்தால் வேலை பத்து நிமிஷம். கார் சீட்டை ரெயிலில் எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவுக்குத் தள்ள வேண்டும். இருக்கையின் வயிற்றுப் பக்கத்தில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கிறதா, வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்து இருக்கிறதா, எண் 04-இல் தொடங்குகிறதா என்று பார்ப்பேன். பழைய விதி ஆர்44-இன் முத்திரை அது. புதிய விதிப்படி வந்ததில் ஆர்129 என்று இருக்கும். ரெண்டும் இல்லாமல் வெறும் துணியும் வாரும் தைத்து இணையத்தில் விற்கிறார்கள், எங்கள் கடையில் தைக்கிற பைக்கட்டு அதைவிட உறுதி. பிறகு ஒரு முட்டியை இருக்கைக்குள் ஊன்றி என் முழு எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுப்பேன். பஞ்சு அமுங்க, தொய்வு முழுக்க வெளியே வரும். முட்டியை எடுத்துவிட்டு, பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. பிள்ளையின் தோள்வாரை ரெண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு எழக்கூடாது. கூரை மடங்குகிற காரில் இருக்கைக்குப் பின்னால் மேல்வாரைக் கொக்கி மாட்ட இடம் பெரும்பாலும் இருக்காது. அது கட்டாயம் வேண்டும் என்கிற இருக்கையை வாங்கிவராதீர்கள்.

நான் குஷன் கடைக்காரன் என்பதால் ஒரு விண்ணப்பம் தவறாமல் வரும். “அண்ணே, அடியில மெத்துன்னு ஒரு பேட் தைச்சுக் குடுங்க, புள்ளைக்கு முதுகு வலிக்கும்.” தைப்பதில்லை. அந்தப் பஞ்சு மோதும்போது அமுங்கும், அமுங்கிய அளவுக்குப் பெல்ட் தொய்யும். பெல்ட் போடாமலே எச்சரிக்கைச் சத்தத்தை அடக்குகிற போலி நாக்கு, அதுதான் கார் சின்னம் பொறித்துச் சந்தையில் கொட்டிக் கிடக்கிறதே, அதையும் என் கடையில் தொங்கவிடுவதில்லை.

கூரையைத் திறந்துகொண்டு பிள்ளையோடு போவது பற்றிக் கேட்டால் பதில் சுருக்கம்: பிப்ரவரி மார்ச் கெடா வெயிலில் பெல்ட்டின் இரும்பு நாக்கைத் தொட்டுப் பாருங்கள்.

அரினாவில் ஏர்பேக் கிடையாது. அதனால் பின்பக்கம் பார்த்த இருக்கையை முன்சீட்டில் வைக்க அந்தப் பயம் இல்லை. மோதலைத் தாங்குவதில் அது பெரிய வீரன் என்று அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்றபோது சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. இருந்தாலும் மடியைவிடப் பல மடங்கு மேல். பாடாங் செராய் பந்தல்காரர் ஒருவருக்கு அப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன். மாட்டி முடித்ததும் அவர் மனைவி கேட்டார், “அண்ணே, நான் எங்க உக்கார்றது?” பின்னால் தட்டைக் காட்டிக் கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. தட்டில் ஆள் ஏறக்கூடாது. மோட்டாரில் தனியாகப் பின்னால் வரச் சொல்லவும் எனக்கு மனசில்லை. கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற நாளில் தாயும் வேண்டும், அதற்கு அண்ணன் வீட்டுச் சாகா காரைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். இதைவிடக் கெட்டிக்காரப் பதில் என்னிடம் இல்லை. ரெண்டு சீட்டு வண்டியை வைத்துக்கொண்டு மூன்று பேர் குடும்பத்தைப் பத்திரமாக ஏற்ற எந்தக் கடையாலும் முடியாது.

புதிய இருக்கை வாங்க எல்லாராலும் முடிவதில்லை. சொந்தத்துக்குள் கைமாறுவதும், தோட்டத்து வீடுகளுக்கு நல்ல மனசோடு கொடுப்பதும் நடக்கிறது. கொடுங்கள், நல்லதுதான். ஆனால் ஒருமுறை மோதலில் இருந்த இருக்கையை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள். அடியில் அச்சடித்திருக்கிற காலக்கெடு முடிந்ததையும் கொடுக்காதீர்கள். அப்படியே குப்பையில் வைத்தால் பழைய சாமான் லோரிக்காரர் எடுத்துப்போய் ஞாயிறு சந்தையில் விற்றுவிடுவார், வாங்குகிறவருக்கு அதன் கதை தெரியாது. வார்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, முதுகில் பெரிய எழுத்தில் “ரோசாக்” (கெட்டுப்போனது) என்று எழுதிவிட்டுப் போடுங்கள். வீட்டுக் கத்தரிக்கோல் அந்த வாரில் இறங்காது. எங்கள் பக்கம் வந்தால் கடையில் கொண்டுவந்து போடுங்கள், நான் வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.